பெருங்குடல் புற்றுநோய் - தட்டில் பாதி, தலையெழுத்தில் மீதியா?

"ஒரு சிகரெட் பிடிச்சதில்லை, தண்ணி கிடையாது, சுத்த சைவம். இவருக்கு எப்படி கேன்சர் வந்துச்சு?"

புற்றுநோயால் ஒருவர் இறந்த வீட்டில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. இதற்கு நேர் எதிரான வசனமும் உண்டு. "எங்க தாத்தா தினம் சுருட்டு பிடிச்சாரு, கறி இல்லாம சாப்பிட மாட்டாரு, தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு!"

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டிலிருந்தும் மக்கள் எடுக்கும் முடிவு தப்பு. ஒருவர் "நல்ல பழக்கம் இருந்தால் வராது" என்று நம்பி ஏமாறுகிறார். இன்னொருவர் "வருவது வந்தே தீரும், பழக்கத்தை மாற்றி என்ன ஆகப் போகிறது" என்று கையை விரிக்கிறார். பழக்கவழக்கத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள பெருங்குடல் - மலக்குடல் புற்றுநோயை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்படி என்ன பெரிய நோய்?

உலக அளவில் 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். வரும் எண்ணிக்கையில் மூன்றாவது இடம், உயிரை எடுப்பதில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்து இரண்டாவது இடம். இவ்வளவு பெரிய நோயைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. காரணம் எளிது. அது இருக்கும் இடம் அப்படி! மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசவே பல வருடம் ஆனது. மலத்தைப் பற்றியும் ஆசனவாயைப் பற்றியும் யார் வாய் திறந்து பேசுவார்கள்?

நோய் உருவாகும் விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உள்சுவரில் சில சமயம் சின்னச் சின்ன சதை வளர்ச்சிகள் தோன்றும். இதற்கு பாலிப் என்று பெயர். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில மட்டும் மெல்ல மெல்ல மாறி புற்றுநோயாகும். இதற்குப் பொதுவாகப் பத்து வருடம் வரை கூட ஆகலாம்.

இந்தப் பத்து வருடம்தான் இந்த நோயில் மனிதனுக்குக் கிடைத்திருக்கும் சலுகை. இந்த இடைவெளியில் பாலிப்பைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் புற்றுநோயே வராமல் தடுக்கலாம். வந்த பிறகு கண்டுபிடிப்பது வேறு, வரும் முன்பே வெட்டி எறிவது வேறு. இரண்டாவது வாய்ப்பைத் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு.

ஹவாய்க்குப் போன ஜப்பானியர்கள்

சரி, பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பரம்பரையாகவே வருகிறது என்று ஏன் சொல்லக் கூடாது?

இந்தக் கேள்விக்குப் பதில் தந்தவர்கள் பிழைப்பு தேடி ஊர் மாறியவர்கள். ஜப்பானில் ஒரு காலத்தில் பெருங்குடல் புற்றுநோய் மிகக் குறைவு, அமெரிக்காவில் மிக அதிகம். ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடியேறிய ஜப்பானியர்களை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. 1968-ல் ஹேன்செல், குரிஹாரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. குடியேறியவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் இந்த நோய் அமெரிக்க வெள்ளையர்களின் அளவை நோக்கி ஏறியிருந்தது. ரத்தம் அதே ஜப்பானிய ரத்தம், மரபணு அதே மரபணு. மாறியது ஊரும் சாப்பாடும் வேலையும்தான்.

இன்னும் வேடிக்கை என்னவென்றால், பிறகு ஜப்பானே மாறிவிட்டது. கப்பல் ஏறாமலே மேற்கத்திய சாப்பாடு ஜப்பானுக்கு வந்தது. இன்று அந்த நாட்டில் ஆண், பெண் இருவரையும் சேர்த்துப் பார்த்தால் அதிகம் பேருக்கு வரும் புற்றுநோய் பெருங்குடல் - மலக்குடல் புற்றுநோய்தான். வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர்! மக்கள் நீண்ட நாள் வாழ்வதும் பரிசோதனைகள் அதிகமானதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

பர்கிட் டாக்டரும் நார்ச்சத்தும்

அடுத்த கதை ஆப்பிரிக்கா. டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை சிகிச்சை மருத்துவர் உகாண்டாவில் பல வருடம் வேலை பார்த்தவர். குழந்தைகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் தினமும் பார்க்கிற பெருங்குடல் புற்றுநோய் ஆப்பிரிக்க கிராமங்களில் ஏன் அபூர்வமாக இருக்கிறது என்பது அவரை உறுத்தியது. கிராம மக்கள் சாப்பிடுவதில் நார்ச்சத்து ஏராளம், அதனால் மலம் அதிகமாகவும் மிருதுவாகவும் சீக்கிரமாகவும் வெளியேறுகிறது, குடலில் கெட்டது தங்குவதில்லை என்பது அவருடைய கருத்து. 1971-ல் இதை விரிவாக எழுதினார். கூட்டங்களில் மலத்தின் படங்களைத் திரையில் காட்டிப் பேசியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு!

இந்தக் கருத்து எடுத்தவுடன் ஜெயித்துவிடவில்லை. 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வெளிவந்தது. பாலிப் எடுக்கப்பட்டவர்களுக்கு நார்ச்சத்து அதிகம் கொடுத்துப் பார்த்தும் பாலிப் திரும்ப வருவது குறையவில்லை. "நார்ச்சத்து கதை முடிந்தது" என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் 2003-ல் ஐரோப்பாவில் பல நாடுகளில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வில், நார்ச்சத்து அதிகம் சாப்பிடுபவர்களுக்கு இந்த நோய் குறைவு என்று வந்தது. முழுதானியமும் நார்ச்சத்தும் பாதுகாப்பு தருகின்றன என்ற பக்கம்தான் இன்று சான்றுகள் சாய்ந்திருக்கின்றன. ஏற்கனவே பாலிப் வந்த ஒருவருக்கு மூன்று, நான்கு வருடம் தவிடு கொடுப்பதும், சின்ன வயதிலிருந்தே ஒருவர் அப்படிச் சாப்பிட்டு வளர்வதும் ஒன்றல்ல. கடைசி வருடம் மட்டும் சேமித்துவிட்டு முப்பது வருட வட்டியை எதிர்பார்த்தால் எப்படி?

2015-ல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் கறுப்பின மக்கள் 20 பேர், தென்னாப்பிரிக்க கிராமத்து மக்கள் 20 பேர். இரண்டே வாரத்துக்கு இவர்கள் சாப்பாட்டை அவர்களுக்கும் அவர்கள் சாப்பாட்டை இவர்களுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து ஒரு நாளைக்கு 14 கிராமிலிருந்து 55 கிராம் ஆனது. ஆப்பிரிக்கர்களுக்கு 66-லிருந்து 12 கிராமாகக் குறைந்தது, கொழுப்பு ஏறியது. இரண்டே வாரத்தில் குடலில் உள்ள பாக்டீரியாக்களின் வேலை தலைகீழானது. நார்ச்சத்தைப் புளிக்க வைத்து பாக்டீரியாக்கள் தரும் பியூட்டிரேட் என்ற பொருள்தான் குடல் சுவர் செல்களுக்கு முக்கிய ஆகாரம். அது அமெரிக்கர்களுக்கு இரண்டரை மடங்கு கூடியது, ஆப்பிரிக்கர்களுக்குப் பாதியானது. குடல் சுவரின் அழற்சியும் அதற்கேற்ப மாறியது.

இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வரவும் இல்லை, போகவும் இல்லை. அதை மறக்கக் கூடாது. ஆனால் குடல் எவ்வளவு சீக்கிரம் தட்டைப் பார்த்து மாறுகிறது என்பது தெரிந்தது.

பேக்கனும் சிகரெட்டும் ஒன்றா?

2015 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பதப்படுத்திய இறைச்சி - அதாவது உப்பிட்டோ, புகையிட்டோ, ரசாயனம் சேர்த்தோ வைக்கப்படும் பேக்கன், சாசேஜ், ஹாம் போன்றவை - மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்க்கப்பட்டன. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சாதாரண இறைச்சி "அநேகமாக உண்டாக்கும்" என்ற அடுத்த பிரிவில் வைக்கப்பட்டது. அந்த முதல் பிரிவில்தான் புகையிலையும் இருக்கிறது. அவ்வளவுதான், "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று உலகம் முழுவதும் தலைப்புச் செய்தி!

இங்கேதான் கணக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தப் பிரிவுகள் "ஆதாரம் எவ்வளவு உறுதியானது" என்பதைச் சொல்கின்றன. "ஆபத்து எவ்வளவு பெரியது" என்பதைச் சொல்வதில்லை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றார்கள். 18 சதவீதம் என்றால் நூற்றில் பதினெட்டு பேருக்கு வரும் என்று அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் வாழ்நாளில் ஆயிரம் பேரில் சுமார் 40 பேருக்கு இந்த நோய் வருகிறது. அந்த 40-க்கு 18 சதவீதம் என்றால் ஏழு. ஆக 40 என்பது 47 ஆகும். புகை பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. இரண்டும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல.

அதே அறிவிப்போடு வந்த மதிப்பீட்டில், புகையிலையால் உலகில் வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் புற்றுநோய் மரணங்கள், மதுவால் 6 லட்சம், பதப்படுத்திய இறைச்சி அதிகம் சாப்பிடுவதால் 34,000 என்று இருந்தது. வித்தியாசம் புரியும்.

அதற்காக அந்த ஏழு பேர் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியுமா? அந்த ஏழு பேரின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல முடியாது. தனி ஒருவருக்குச் சின்ன ஆபத்து, ஒரு நாட்டுக்குப் பெரிய எண்ணிக்கை. இன்சூரன்ஸ் தொழிலே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

நம்மூரில் பேக்கன் சாப்பிடுபவர்கள் குறைவு. உப்புக்கண்டம் அந்த வரையறைக்குள் வரும் என்றாலும் அதைத் தினமும் சாப்பிடுபவர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்புக்காகப் பயந்து நடுங்கத் தேவையில்லை. கோழியும் மீனும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. ஆனால் மாலுக்குப் போனால் கிடைக்கும் சாசேஜ், சலாமி, பெப்பரோனி பீட்சா எல்லாம் அதே வகைதான் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பட்டியலில் உள்ள மற்றவை

இறைச்சியைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் மற்றவை மறந்து போகின்றன.

1. மது - உடலுக்குள் போன ஆல்கஹால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. அது செல்லின் டி.என்.ஏ.வைக் கெடுக்கும். பெருங்குடல் - மலக்குடல் புற்றுநோய்க்கு மது ஒரு காரணம் என்பது 2007-லேயே உறுதி செய்யப்பட்டது. பீர், ஒயின், பிராந்தி என்ற பேதம் இதில் கிடையாது.

2. புகை - நுரையீரலோடு நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. 2009-ல் பெருங்குடலும் புகையிலையின் பட்டியலில் சேர்ந்தது.

3. தொப்பை - உடல் பருமன், குறிப்பாக வயிற்றைச் சுற்றிய கொழுப்பு. ரத்தத்தில் இன்சுலின் கூடுவதும் நாள்பட்ட அழற்சியும் இதன் வழி என்று சொல்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து கொஞ்சம் அதிகம்.

4. உட்கார்ந்தே இருப்பது - உடலை அசைத்து வேலை செய்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 2025-ல் வெளிவந்த ஒரு சோதனை இன்னும் ஒரு படி மேலே போனது. ஆபரேஷனும் கீமோதெரபியும் முடிந்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்கு மூன்று வருடம் முறையாக உடற்பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சி செய்தவர்களில் 80 சதவீதம், அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கிப் போனவர்களில் 74 சதவீதம். நடைப்பயிற்சிக்கு யாரும் பேட்டன்ட் வாங்க முடியாது என்பதால்தானோ என்னவோ, இதற்கு விளம்பரம் இல்லை!

5. பால், தயிர் - இது நல்ல பக்கம். கால்சியம் உள்ள பால் பொருட்கள் ஆபத்தைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது.

இப்போது முதலில் கேட்ட "சுத்த சைவம்" கேள்விக்கு வரலாம். காலையில் இட்லி, மதியம் பாலிஷ் செய்த வெள்ளைச் சோறு மலையளவு, ஓரமாக ஒரு ஸ்பூன் பொரியல், சாயங்காலம் மைதா பிஸ்கட், ராத்திரி பரோட்டா, நாள் முழுக்க நாற்காலி, வயிற்றில் தொப்பை. இதுவும் சைவம்தான்! இலையில் கறி இல்லை என்பதால் நார்ச்சத்து இருக்கிறது என்று ஆகிவிடாது. உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கறி பழமும் வேண்டும் என்கிறது. எத்தனை வீட்டில் அது நடக்கிறது?

பழி போடுவது யாருக்கு லாபம்?

எல்லாம் பழக்கத்தால்தான் என்று இத்தனை பக்கம் சொன்ன பிறகு, நோய் வந்தவர்களைப் பார்த்து "உன் பழக்கம்தான் காரணம்" என்று சொல்வதில் என்ன தவறு?

பெரிய தவறு. முதலாவது, இதெல்லாம் கூட்டத்துக்கான கணக்கு. தனி ஒருவருக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சுமார் 3 சதவீத நோயாளிகளுக்கு லிஞ்ச் சின்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு காரணம். அவர்கள் என்ன சாப்பிட்டாலும் ஆபத்து அதிகம்தான். வயது கூடுவதே ஒரு காரணம். 'பிளாக் பேந்தர்' படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020-ல் தன் 43-வது வயதில் இந்த நோயால் இறந்தார். நோயோடு போராடிக்கொண்டே சண்டைக் காட்சிகளில் நடித்தவர் அவர். சோம்பேறி என்று அவரைச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்களை விட 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு, அதே வயதில் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்கு என்று 2017-ல் ஒரு ஆய்வு சொன்னது. பருமன் இதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் 2025-ல் வந்த இன்னொரு ஆய்வு, சில ஈ.கோலி பாக்டீரியாக்கள் உண்டாக்கும் கோலிபாக்டின் என்ற நச்சின் தழும்பு இளம் நோயாளிகளின் கட்டிகளில் அதிகம் இருப்பதைக் காட்டியது. சின்ன வயதிலேயே பட்ட தழும்பு. குழந்தையிடம் போய் "உன் லைஃப் ஸ்டைல் சரியில்லை" என்று சொல்வார்களா?

இரண்டாவது, பழக்கம் என்பது முழுக்கத் தனி மனிதரின் விருப்பம் இல்லை. விலையும் கிடைப்பதும் சேர்ந்துதான் பழக்கம். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். ஏழைகளின் வயிற்றை நிறைத்த திட்டம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இலவசமாக அரிசி கிடைக்கும்போது காசு கொடுத்துக் கேழ்வரகும் கம்பும் வாங்கச் சொல்வது எந்த நியாயம்? 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு ஆரம்பித்தது. நூறு சொற்பொழிவை விட இது மேல். நடக்கப் பிளாட்பாரம் இல்லாத ஊரில் "தினமும் நடங்கள்" என்ற அறிவுரையும் அப்படித்தான்.

மூன்றாவது, இதுதான் உயிர் போகிற விஷயம். பழி இருக்கும் இடத்தில் வெட்கம் இருக்கும், வெட்கம் இருக்கும் இடத்தில் நோய் மறைக்கப்படும். மலத்தில் ரத்தம் வந்தால் நம்மூரில் முதலில் சொல்லப்படும் பெயர் மூலம். "மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்ற போஸ்டர் இல்லாத பஸ் ஸ்டாண்ட் சுவர் தமிழ்நாட்டில் உண்டா? பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால் பார்க்காமல் எப்படித் தெரியும்? வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கித் தடவி, ஆறு மாதம், ஒரு வருடம் போய்விடுகிறது. அமெரிக்கக் கணக்கின்படி நோய் குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருடம் பிழைப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 90 பேர். உடலின் வேறு பாகங்களுக்குப் பரவிய பிறகு அது 15-ஐ ஒட்டித்தான். ஒரு வருட வெட்கத்தின் விலை சில சமயம் அவ்வளவு!

செய்ய வேண்டியது என்ன?

இங்கிலாந்தில் 2006 முதல் குறிப்பிட்ட வயது வந்தவர்களுக்கு மலப் பரிசோதனை கிட் தபாலில் வீட்டுக்கே வருகிறது. மாதிரி எடுத்துத் திருப்பி அனுப்பினால் போதும். ரத்தம் தெரிந்தால் மட்டும் கொலோனோஸ்கோபி. அமெரிக்காவில் 2021-ல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். இந்தியாவில் 2016-ல் வகுக்கப்பட்ட அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே உண்டு. இந்த நோய் இங்கே மேற்கு நாடுகளை விட மிகக் குறைவு என்பதால் எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி செய்வது கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் செலவே இல்லாத சில காரியங்கள் இருக்கின்றன.

* மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணம் தெரியாத எடைக் குறைவு, ரத்த சோகை - இவற்றில் எது இருந்தாலும் எந்த வயதானாலும் டாக்டரிடம் காட்டுவது. "மூலம்தான்" என்று சொல்ல வேண்டியவர் டாக்டர், மெடிக்கல் ஷாப்காரர் இல்லை.
* அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்வது. அவர்களுக்குப் பரிசோதனை முன்கூட்டியே தொடங்க வேண்டும். கல்யாணச் சந்தைக்குப் பயந்து குடும்ப நோயை மூடி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.
* தட்டில் சோற்றைக் குறைத்து கீரை, அவரை, சுண்டல், கேழ்வரகைக் கூட்டுவது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேர்க்க நடப்பது. புகையை விடுவது. மதுவை எவ்வளவு குறைத்தாலும் அவ்வளவும் லாபம்.

நல்ல பழக்கம் என்பது பிரீமியம் கட்டுவது மாதிரி. ஆபத்தைக் குறைக்கும், விபத்தே நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பிரீமியம் கட்டியவன் ஹெல்மெட் போடாமல் போவதும் முட்டாள்தனம், விபத்தில் அடிபட்டுக் கிடப்பவனிடம் பிரீமியம் ஒழுங்காகக் கட்டினாயா என்று கேட்பதும் அநியாயம்.

சினிமா, கிரிக்கெட், அரசியல் என்று மணிக்கணக்கில் பேசும் வீடுகளில், "ரெண்டு நாளா ரத்தம் போகுதுப்பா" என்று ஒரு அப்பா மகனிடம் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தால், அதைக் கேட்டு மகன் சிரிக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனால், அதுவும் ஒரு நல்ல பழக்கம்தான்!